காட்டப்படும் கணக்கும் எழுதப்படும் கணக்கும்

கைபேசியில் ஒரு செலவுக்கணக்குச் செயலியை நிறுவி அதை வங்கிக் கணக்குடன் இணைத்துவிட்டால் பணம் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும், தெரிந்தால் வீண்செலவு குறைந்துவிடும், குறைந்தால் மாதக் கடைசியில் மிச்சம் நிற்கும் என்று மூன்று படிகளில் ஏறும் ஒரு வாதம், நிதி ஆலோசகர்களின் அறிவுரைகளிலும் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களிலும் ஏறக்குறைய மறுப்பே இல்லாமல் வழங்கிவருகிறது. வரவும் செலவும் இணையத்தின் வழியே நடக்கும் காலத்தில் கணக்கும் அங்கேயே இருப்பதுதான் முறை என்ற எண்ணமும், நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது முந்தைய தலைமுறையின் பழக்கம் என்ற இளக்காரமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. இந்த வாதத்தின் அடியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு முடிவு கிடக்கிறது: குடும்பங்களில் பணம் தட்டுப்படுவதற்குக் காரணம் பணத்தைப் பற்றிய அறியாமை, ஆகவே தகவல் கிடைத்தால் தட்டுப்பாடு தீரும் என்பதே அது. அந்த முடிவு தவறானது என்பதும், தகவலைத் தானாகத் திரட்டித் தரும் கருவி, செலவுக்கு அணைபோட்டுவந்த பழைய உழைப்பையே குடும்பத்தின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இக்கருவிகள் ஒருவருடைய கணக்கை எவ்வாறு அறிகின்றன என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தம். அமெரிக்காவில் 1990களின் இறுதியிலிருந்து பரவிய முறை, பயனர் தம் வங்கிக் கடவுச்சொல்லையே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட, நிறுவனத்தின் மென்பொருள் அவர் பெயரில் வங்கித் தளத்துக்குள் நுழைந்து திரையில் தெரியும் எண்களைப் படித்து எடுத்துக்கொள்வதாகும். அத்துறையினர் இதை ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங் என்பர். இந்தியாவில் வேறொரு குறுக்குவழி கிடைத்தது. ஒவ்வொரு பற்றுக்கும் வரவுக்கும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியைச் செயலி படித்து, தொகையையும் கடையின் பெயரையும் பிரித்தெடுத்து, உணவு, பயணம், பொழுதுபோக்கு என்று வகைப்படுத்தி வண்ண வட்டமாகக் காட்டியது. மூன்றாவது வழி, ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் வித்திடப்பட்டு 2021 செப்டம்பரில் வங்கிகளின் பங்கேற்புடன் செயலுக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர், அதாவது கணக்குத் திரட்டி என்னும் ஏற்பாடு. ஒருவரின் ஒப்புதலைப் பெற்று, அவருடைய கணக்கு விவரங்களை ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து மற்றொரு நிறுவனத்துக்குத் தான் படிக்காமல் கடத்திக் கொடுப்பது அதன் வேலை. வழி எதுவானாலும் கருவியின் கைக்கு வந்து சேருவது வங்கியின் ஏட்டில் ஏற்கெனவே பதிவாகிவிட்ட பரிமாற்றம் மட்டுமே.

அந்த ஏட்டில் ஒரு செலவு எத்தனை மங்கலாகத் தெரிகிறது என்பதை இக்கருவிகளைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. அட்டையால் பணம் செலுத்தும்போது, கடைக்கு ஒதுக்கப்பட்ட நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு ஒன்று உடன் செல்கிறது. மளிகை அங்காடிகளுக்கு 5411, உணவகங்களுக்கு 5812. கடை இன்ன வகை என்று அக்குறியீடு சொல்லும். வாங்கியது இன்னது என்று சொல்லாது. ஒரே ரசீதில் பத்துக் கிலோ அரிசியும் பள்ளி நோட்டும் பிளாஸ்டிக் நாற்காலியும் பிறந்தநாள் கேக்கும் இருந்தாலும், வட்டத்தில் அவை மளிகை என்ற ஒரே துண்டாகத்தான் விழும். தெருமுனைக் கடைக்காரர் தம் சொந்தக் கணக்கின் கியூஆர் அட்டையை மாட்டியிருந்தால் அந்த அளவுக்குக்கூட விவரம் கிடைக்காது. கீரைக்குக் கொடுத்ததும் ஆட்டோவுக்குக் கொடுத்ததும் ஊரிலிருக்கும் தம்பிக்கு அனுப்பியதும், ஒரு மனிதரின் பெயருக்குப் போன பணம் என்ற ஒரே கோலத்தில் நிற்கும்.

சில்லறைச் செலவுதான் குடும்பத்தைக் கரைக்கிறது என்பது இத்தரப்பாரின் தலையாய கூற்று. டீக்கும் வடைக்கும் போகும் பணத்தை ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் மலைப்பு வரும் என்பார்கள். மாதத்துக்கு 2,000 கோடிக்கும் மேற்பட்ட யுபிஐ பரிமாற்றங்கள் என்ற எல்லையை 2025 ஆகஸ்டில் தாண்டிவிட்ட நாட்டில் அந்தக் கூட்டலைக் கருவி செய்து தந்துவிடும் என்று நம்பத் தோன்றும். நடப்பதோ இதற்கு மாறானது. 2022 செப்டம்பரில் அறிமுகமான யுபிஐ லைட் என்ற வசதியில் சிறு தொகைகள் கைபேசியிலேயே இருக்கும் ஒரு சிறு பணப்பையிலிருந்து போகின்றன. பையை நிரப்பிய ஒரு பற்று மட்டுமே வங்கி ஏட்டில் ஏறும், பையிலிருந்து போன ஒவ்வொரு டீயும் அங்கே ஏறுவதில்லை. நாட்டின் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்று, 100 ரூபாய் வரையிலான யுபிஐ செலவுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே 2024 ஜூனில் நிறுத்திக்கொண்டது. வங்கிகளின் கணினிச் சுமையைக் குறைக்க இவை நியாயமான ஏற்பாடுகளே. ஆனால் வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் துல்லியமாகக் காட்டிவிட்டு டீச்செலவைத் தவறவிடும் கருவி, யாருக்கும் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை மறைக்கிறது. வாடகை எவ்வளவு என்று அறிய எந்தக் குடும்பத்துக்கும் வண்ண வட்டம் தேவைப்பட்டதில்லை.

காணாமல் விடுவது ஒரு குறை என்றால், கண்டதைத் தவறாகப் படிப்பது அதைவிடப் பெரிய குறை. வளையலை அடகுவைத்து வாங்கிய நகைக்கடன் 40,000 ரூபாய் கணக்கில் ஏறும் மாதத்தில், பயனர் தாமே நுழைந்து திருத்தாவிட்டால், அது வரவாக எண்ணப்பட்டு, குடும்பம் மிகவும் நெருக்கடியில் இருந்த மாதமே மிகவும் செழிப்பான மாதமாக வரைபடத்தில் தோன்றக்கூடும். வட்டி கட்டி நகையை மீட்கும் மாதமோ ஊதாரித்தனத்தின் மாதமாகத் தோன்றும். ஏலச்சீட்டுக்குக் கட்டும் தவணை இன்னும் சிக்கலானது. இருபது பேர் மாதந்தோறும் பணம் போட்டு, தேவையுள்ளவர் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு மொத்தத்தை எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில், சீட்டை எடுக்கும் வரை ஒருவர் கட்டுவது சேமிப்பு, எடுத்த மறுமாதத்திலிருந்து அதே தொகை, அதே தேதியில், அதே கணக்குக்குப் போனாலும் அது கடன் தவணை. வங்கி ஏட்டில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. கட்டுபவரின் மனத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

மொய்யின் நிலையும் இத்தகையதே. மதுரைப் பக்கம் செய்முறை என்று சொல்லப்படும் இவ்வழக்கத்தில், திருமணத்துக்கோ காதணி விழாவுக்கோ ஒருவர் எழுதும் தொகை, முன்பு அவர் வீட்டு விழாவில் பெற்றதன் திருப்பமாகவும் பின்பு பெறப்போவதன் முன்பணமாகவும் ஒரே சமயத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் மொய் விருந்து என்று தனியாகவே விழா வைத்து, விட்ட மொய்யைத் திரும்பப் பெறும் அளவுக்கு இது ஒரு கடன் ஏற்பாடாக வளர்ந்துள்ளது. ஊர்ப்பெயர், தந்தை பெயர், தொகை என்று வரிவரியாக எழுதப்பட்டுப் பெட்டியில் பூட்டிவைக்கப்படும் மொய் நோட்டு, பெயருக்கு நோட்டு என்றாலும் முறையான பேரேடு; ஒவ்வொருவருக்கும் தனிப்பக்கம் இல்லையே தவிர, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது அதில் இருக்கிறது. செயலி இத்தொகைக்கு அன்பளிப்பு என்று பெயரிட்டு, இந்த மாதம் அன்பளிப்புச் செலவு கூடிவிட்டது, குறைக்கலாமே என்று பரிந்துரைக்கும்போது, அது கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறது என்பதை அதன் வடிவமைப்பாளர் அறியமாட்டார். மொய்ப் பழக்கம் குடும்பங்களை எவ்வளவு நெருக்குகிறது என்பது வேறு விவாதம். அந்த விவாதத்தைத் தொடங்கவேனும் அது கடன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வகைப்பாட்டின் பிழைகள் காலப்போக்கில் திருந்திவிடும், செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொண்டுவிடும் என்ற மறுமொழி இங்கே எழக்கூடும். சில திருந்தும். ஆனால் இக்கருவிகளின் அச்சாணியாக நிற்கும் அளவுகோலே ஒரு குறிப்பிட்ட வாழ்க்கையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. கையில் வரும் வருமானத்தில் 50 விழுக்காடு தேவைகளுக்கு, 30 விழுக்காடு விருப்பங்களுக்கு, 20 விழுக்காடு சேமிப்புக்கு என்று பிரிக்கச் சொல்லும் விதி, எலிசபெத் வாரனும் அவர் மகள் அமெலியா வாரன் தியாகியும் 2005இல் வெளியிட்ட ‘ஆல் யுவர் வொர்த்’ என்ற நூலால் பரவியது. மாதச் சம்பளம் வாங்கும் அமெரிக்கக் குடும்பத்துக்காக எழுதப்பட்ட அந்த விகிதம் இந்தியச் செயலிகளிலும் கட்டுரைகளிலும் இயற்கை விதிபோல எடுத்தாளப்படுகிறது. 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய். அதில் உணவுக்கு மட்டுமே கிராமத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடும் நகரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடும் போகிறது. இவை வருமானத்தின் பங்குகள் அல்ல, செலவின் பங்குகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், வாடகையும் மருந்தும் பள்ளிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் சேர்வதற்கு முன்பே தேவை என்ற பாத்திரம் விளிம்புவரை நிரம்பிவிடுகிறது என்பது வெளிப்படை. அத்தகைய குடும்பத்தின் திரையில் சிவப்பு எச்சரிக்கை ஒளிர்வது அக்குடும்பத்தின் ஒழுக்கக்கேட்டைக் காட்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்விதியை எழுதிய அதே இருவர், இரண்டாண்டுகளுக்கு முன் 2003இல் எழுதிய ‘தி டூ இன்கம் ட்ராப்’ என்ற நூலில், அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் திவாலாவதற்கு ஆடம்பரச் செலவு காரணம் என்ற நம்பிக்கையையே எதிர்த்திருந்தனர். ஒரு தலைமுறைக்கு முந்தைய குடும்பங்களோடு ஒப்பிட்டால், பணவீக்கத்தைக் கழித்த பிறகு, உடைக்கும் உணவுக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் ஆகும் செலவு குறைந்திருந்ததையும், நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வீடு வாங்கும் கடனும் மருத்துவக் காப்பீடும் போன்ற விட்டுவிட முடியாத செலவுகள் ஏறியிருந்ததையும், வேலையிழப்பு, நோய், மணமுறிவு ஆகியவையே பெரும்பாலோரைக் கவிழ்த்ததையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். விகிதம் உலகெங்கும் பரவியது. அதற்கு முன் அவர்கள் சொன்ன காரணம் அத்தனை தூரம் பரவவில்லை.

மாதம் என்ற கட்டமும் அத்தகைய ஒரு கடன்வாங்கல். வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் பணப்புழக்கத்தை ஏறத்தாழ ஓராண்டுக்குத் தொடர்ந்து சென்று பதிவுசெய்து, டேரில் காலின்ஸ், ஜோனதன் மோர்டக், ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு, ஆர்லாண்டா ரத்வன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ என்ற நூல், வறுமையின் துன்பம் வருமானம் குறைவாக இருப்பதோடு நின்றுவிடுவதில்லை, அது எப்போது வரும் என்று தெரியாததிலும் இருக்கிறது என்பதைக் காட்டியது. மோர்டக் பின்னர் ரேச்சல் ஷ்னைடருடன் அமெரிக்காவில் 235 குடும்பங்களை இவ்வாறே ஆராய்ந்தபோது, ஆண்டில் சராசரியாக ஐந்து மாதங்கள் வருமானம் தன் சராசரியிலிருந்து 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தது தெரியவந்தது. அறுவடைக்குக் காத்திருப்பவருக்கும், மழை பெய்தால் வேலை நிற்கும் கொத்தனாருக்கும், ஆர்டர் வந்தால்தான் கூலி என்ற நிலையிலுள்ள திருப்பூர்த் தையல்காரருக்கும், ஒன்றாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதிவரை என்ற கட்டத்துக்குள் வரவுசெலவுத் திட்டம் போடச் சொல்வது, ஆற்றில் வரும் தண்ணீரைக் குழாயில் வருவதாக எண்ணி அளக்கச் சொல்வதற்கு ஒப்பானது. முன்னைய ஆய்வில் வந்த குடும்பங்களில் சேமிப்பும் கடனும் ஒருசேர இல்லாத குடும்பம் ஒன்றுகூட இல்லை என்பதையும் கருதிப் பார்க்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதோரும் அவர்களுள் இருந்தனர். யாரிடம் எவ்வளவு, எப்போது, எந்த வட்டிக்கு என்பதை அவர்கள் அறிந்தே வைத்திருந்தனர். தட்டுப்பாட்டுக்கு அறியாமை காரணம் என்ற கருத்து இந்த ஒரு செய்தியின் முன்னேயே தடுமாறுகிறது.

இனி இரண்டாம் படி: தெரிந்தால் குறையும் என்பது. நிதி அறிவூட்டல் நடத்தையை எவ்வளவு மாற்றுகிறது என்று ஆராய்ந்த 201 முந்தைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 விழுக்காட்டை மட்டுமே அறிவூட்டலால் விளக்க முடிகிறது என்று கண்டது. அறிவூட்டல் வேறு, தன் கணக்கைத் தானே பார்ப்பது வேறு என்று வாதிடலாம். அதற்கும் சான்று இருக்கிறது, அதுவும் இத்தகைய ஒரு கருவியின் உள்ளிருந்தே. ஐஸ்லாந்தில் பரவலாகப் பயன்பட்ட ஒரு செலவுக்கணக்குத் தளத்தின் தரவுகளை ஆராய்ந்த ஆர்னா ஓலாஃப்சன், மிக்கேலா பாகெல் ஆகிய இருவரும், சம்பளம் ஏறிய நாளிலும் இருப்பு நிறைவாக உள்ளபோதும் மக்கள் அடிக்கடி உள்ளே நுழைந்து பார்ப்பதையும், இருப்பு வறண்டு மிகைப்பற்றில் விழும்போது பார்ப்பதையே தவிர்ப்பதையும் 2017இல் எடுத்துக்காட்டினர். எச்சரிக்கை எப்போது மிகவும் தேவையோ அப்போது திரை மூடியிருக்கிறது. கடன்காரர் வரும் தெருவில் நடக்க விரும்பாத மனம், கைபேசிக்குள்ளும் அதே மனமாகத்தான் இருக்கிறது.

இங்கேதான் எழுதப்படும் கணக்குக்கும் காட்டப்படும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் இதழாளர் 1904இல் வெளியிட்டுப் பரப்பிய கக்கேய்போ என்னும் வீட்டுக் கணக்கேடு நூற்றாண்டைக் கடந்தும் கையால் நிரப்பப்படுவதற்கு, அதில் உள்ள கட்டங்களின் நேர்த்தி காரணமாக இருக்க முடியாது. செலவழித்தவர் தம் கையால் தொகையை எழுதும் கணம், செலவு முடிந்த பின்னும் அதன் வலியை ஒருமுறை அனுபவிக்கச் செய்கிறது. நாளை மீண்டும் எழுத வேண்டுமே என்ற எண்ணம் அடுத்த செலவுக்கு முன்பே கையைச் சற்றுப் பிடித்து நிறுத்துகிறது. பணம் கொடுப்பதன் வலி என்று நடத்தைப் பொருளியலில் பேசப்படுவது இதுவே. டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து ஆட்டத்தின் நுழைவுச் சீட்டுக்கு ஏலம் கேட்ட மேலாண்மை மாணவர்களில், கடனட்டையால் செலுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டோர் ரொக்கமாகச் செலுத்த வேண்டியோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டனர். நோட்டை எண்ணிக் கொடுப்பதிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து கியூஆருக்கும், அதிலிருந்து தானாகவே தவணை போகும் ஆட்டோபேவுக்கும் நகர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் வலி குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக மிச்சமிருந்த வலி கணக்கெழுதும் வலிதான். ஒன்றும் எழுத வேண்டாம், எல்லாம் தானாகவே பதிவாகும் என்பதைத் தன் முதற்பெருமையாக விளம்பரப்படுத்தும் கருவி, அந்தக் கடைசி வலியையும் நீக்கிவிட்டுச் செலவைக் குறைத்துத் தருவதாக வாக்களிக்கிறது.

பால் கணக்கைக் காலண்டரில் குறித்துவைக்கும் வழக்கம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. பால் வாங்கிய நேரத்திலேயே, வாங்கிய கையாலேயே, அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று தேதியின் மேல் குறிக்கப்படுகிறது. வாங்காத நாளுக்குச் சுழி. மாதக் கடைசியில் பால்காரரும் வீட்டாரும் சேர்ந்து எண்ணுகிறார்கள், தகராறு இருந்தால் அங்கேயே தீர்கிறது, விருந்தாளிகள் வந்ததால் கூடிப்போன நாட்கள் எவை என்பது எண்ணும்போதே நினைவுக்கு வருகிறது. இத்தனையையும் செய்யும் அந்தக் காலண்டருக்குத் தரவுப் பகுப்பாய்வு எதுவும் தெரியாது.

எதிர்த்தரப்புக்கு உரியதை மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும். அதே ஐஸ்லாந்துத் தரவில், கைபேசி வழியாகக் கணக்கு பார்க்க முடிந்த பிறகு, மக்கள் வங்கிக்குச் செலுத்தும் அபராதக் கட்டணங்களும் மிகைப்பற்று வட்டியும் குறைந்தன என்று பாகெலும் ஓலாஃப்சனும் புரூஸ் கார்லினுடன் சேர்ந்து கண்டனர். யரோன் லெவி, ஷ்லோமோ பெனார்ட்சி இருவரும் அமெரிக்காவில் ஆராய்ந்த ஒரு செயலியைக் கைபேசியில் பயன்படுத்தத் தொடங்கியோரின் செலவும் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. முதலாவது, மறதியால் வரும் இழப்பு. தவணை நாளை மறந்ததும், இருப்பு போதாது என்று அறியாததும் உண்மையிலேயே தகவல் சிக்கல்கள், அவற்றைத் தகவல் தீர்க்கிறது. வேண்டாத சந்தாவைக் கண்டுபிடிப்பதும் இருமுறை பிடிக்கப்பட்ட தொகையைக் காண்பதும் இந்த வகையில் அடங்கும். இரண்டாவதில் ஆராயப்பட்டோர், முதலீடுகளையும் சேர்த்து நிர்வகிக்கும் ஒரு தளத்தைத் தாமாகவே தேடிச் சென்று சேர்ந்த, ஓரளவு வசதியுடையோர். குறைப்பதற்கு அவர்களிடம் செலவு இருந்தது, குறைக்கும் எண்ணமும் ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்குப் பயன்பட்டதை, உணவுக்கே பாதி போகும் குடும்பத்துக்கும் மருந்தாகச் சொல்வதுதான் பிழை.

கருவி இலவசமாகக் கிடைக்கிறது என்பதும் ஒரு வாதமாக வைக்கப்படுகிறது. அந்த இலவசத்தின் வரலாறு படிப்பினை நிறைந்தது. 2006இல் தொடங்கப்பட்டு 2007இல் பொதுமக்களுக்கு வந்த மின்ட் என்ற அமெரிக்கத் தளமே இத்துறையின் முன்மாதிரி. பயனரிடம் அது காசு வாங்கவில்லை. அவருடைய செலவைப் படித்து, அவருக்கு ஏற்ற கடனட்டை, கடன், சேமிப்புக் கணக்கு ஆகியவற்றைப் பரிந்துரைத்து, அவர் சேர்ந்தால் அந்த நிறுவனங்களிடமிருந்து தரகு பெற்றது. செலவைக் குறைக்க வந்தவரிடம் கடனட்டையை விற்று அந்தக் கருவி பிழைத்தது என்பது கேட்பதற்கு மிகையாகத் தோன்றினாலும், அதன் வணிகமுறை அதுவே. 2009இல் இன்டூயிட் நிறுவனம் 17 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2024 மார்ச்சில் மூடிவிட்டு, பயனர்களைத் தன்னுடைய மற்றொரு நிறுவனமான கிரெடிட் கர்மாவுக்கு அனுப்பியது. கடன் தகுதி மதிப்பெண்ணைக் காட்டிக் கடன்களைப் பரிந்துரைக்கும் அத்தளத்தில், வகைவாரியாக மாத வரம்பு போடும் வசதி, அதாவது மின்டின் உயிர்நாடியாகக் கருதப்பட்ட அம்சம், இல்லாமல் போயிற்று. வரவுசெலவுத் திட்டம் உதிர்ந்து கடன் பரிந்துரை மட்டும் எஞ்சியதில், வருவாய் எதிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது தெளிவாகிறது.

இந்தியாவிலும் இதே பாதைதான். குறுஞ்செய்தியைப் படித்துச் செலவைக் காட்டிப் பெயர்பெற்ற வால்நட் என்ற செயலியை 2018இல் வாங்கியது கேபிட்டல் ஃப்ளோட் என்ற இணையவழிக் கடன் நிறுவனம். பண மேலாண்மைச் செயலியாகத் தொடங்கிய மனிவியூ இன்று தனிநபர் கடனுக்காகவே அறியப்படுகிறது. இவர்கள் சட்டத்தை மீறிவிட்டதாகவோ பயனரை ஏமாற்றிவிட்டதாகவோ சொல்வதற்கில்லை. ஒருவருடைய கையிருப்பு எந்தத் தேதியில் தீர்ந்துபோகிறது என்பதை அறிந்த நிறுவனத்துக்கு, அந்தத் தேதியில் அவருக்குக் கடன் கொடுப்பதைவிட ஆதாயமான தொழில் வேறில்லை என்பதே செய்தி. சீட்டு நடத்துபவரின் கழிவு, 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தில் 5 விழுக்காடு என்று எழுதப்பட்டு, 2019 திருத்தத்தால் 7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அது கூடுதல் என்று ஒருவர் சண்டை போடலாம், ஏனென்றால் எண் கண்ணுக்குத் தெரிகிறது. இலவசச் செயலிக்குப் பயனர் கொடுக்கும் விலை எங்கும் எண்ணாக எழுதப்படவில்லை.

செலவைக் கட்டுப்படுத்துவது எது என்ற கேள்விக்கு, இந்தச் சீட்டே பாதி விடையை வைத்திருக்கிறது. பதிவில்லாச் சீட்டுகள் கவிழ்ந்து குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு, ஆகவே அதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதன் இயக்கம் கவனிக்கத்தக்கது: பணம் செலவாவதற்கு முன்பே, பத்தொன்பது பேர் பார்த்திருக்க, எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. அஞ்சலகத் தொடர் வைப்பும் அவ்வாறே. ரிச்சர்ட் தேலரும் பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வருங்காலச் சம்பள உயர்வின் ஒரு பகுதி தானாகவே சேமிப்புக்குப் போக இன்றே இசைவு கொடுத்த தொழிலாளர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக ஏறியது. அவர்களுக்குத் தம் செலவைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை. மாறியது தகவல் இல்லை, பணம் போகும் பாதை. எந்தப் பணம் எதற்கு என்று பிரித்துவைத்து ஒன்றை மற்றொன்றுக்கு எடுக்கக் கூசும் வழக்கத்தை விவியானா ஸெலைசர் 1994இல் எழுதிய ‘தி சோஷியல் மீனிங் ஆஃப் மணி’ என்ற நூலில் பணத்துக்கு அடையாளமிடுதல் என்ற பொருளில் விளக்கினார். பள்ளிக் கட்டணத்துக்கென்று முடிந்துவைத்த பணத்தைச் சினிமாவுக்கு எடுக்காத வீட்டுக்கு அந்தக் கோட்பாடு புதிதன்று. எல்லாக் கணக்குகளையும் ஒரே திரையில் கூட்டி நிகர இருப்பு என்று ஒற்றை எண்ணைக் காட்டும் கருவி, கவனமாக எழுப்பப்பட்ட இந்தச் சுவர்களை வசதி என்ற பெயரில் இடிக்கிறது.

சுவர்களில் உயரமானது சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம்பிடித்து, அரிசிப் பானையிலோ அஞ்சறைப் பெட்டியிலோ சேலை மடிப்பிலோ, வீட்டிலுள்ள ஆண்களுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்க்கும் இந்தப் பணம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவிலும் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய காலையிலும் வெளிப்பட்டுக் குடும்பத்தைக் காத்திருக்கிறது. அது சேர்ந்ததற்குக் காரணமே அது யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான். தெரிந்திருந்தால் அது செலவாகியிருக்கும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, பெண்கள் பலர் அந்த நோட்டுகளை வெளியே எடுத்து, கணவரிடமோ மகனிடமோ காட்டி, வங்கி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. குடும்பத்தின் பணம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்த அந்த வாரங்களில் குடும்பங்கள் சிக்கனமாகிவிடவில்லை. பெண்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த காப்புப் பணம் அவர்கள் கையைவிட்டுப் போனது. ஒருவரின் பணம், ஒருவரின் கைபேசி, ஒருவரின் முடிவு என்ற எண்ணத்தில் வரையப்பட்ட செயலிக்குள் இந்தப் பணத்துக்கு இடமில்லை. கணவரின் எண்ணுக்கே குறுஞ்செய்தி போகும் கணக்கில் அதைப் போடச் சொல்லும் கருவிக்கு, அது ஏன் அரிசிப் பானையிலேயே கிடக்க விரும்புகிறது என்பது எந்த வரைபடத்திலும் தெரியப்போவதில்லை.